வட்டியில் பிடித்த வரி திரும்பி வருமா?

பசறை, ஹாலிஎல, அப்புத்தளைத் தோட்டங்களில் ஓய்வுபெறுவோர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் வங்கியில் நிலையான வைப்பாக இடுவதுண்டு. 'வட்டியில் ஏன் காசு வெட்டுகிறார்கள்?' என்பது அவர்களது கேள்வி.

அது நிறுத்திவைத்தல் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் பிடிக்கப்படுகிறது. பத்து இலட்சம் ரூபாவுக்கு ஆண்டு வட்டி 80,000 என்றால் 8,000 ரூபா போய்விடும். ஆனால், எல்லா வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வருமான வரி கட்டவேண்டியதில்லை. அவர் வங்கியில் சுய பிரகடனப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தால் வரி பிடிக்கமாட்டார்கள்.

ஏற்கெனவே பிடித்திருந்தால்? வங்கியிடம் வரிச் சான்றிதழ் பெறுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து, வருமான விபரத்திரட்டு அனுப்பி, மீளக் கேளுங்கள். வரியாண்டு மார்ச் 31இல் முடியும். விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள்.

சம்பளக்காரருக்கும் இதே கணக்குத்தான். மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை. 160,000 பெறுபவருக்கு மேலதிகமான 10,000க்கு 6 வீதம், அதாவது 600 ரூபா. ஆண்டின் இடையில் வேலையை விட்டவருக்குக் கூடுதலாகப் பிடிபட்டிருக்கலாம். அதனையும் இவ்வாறே கேட்கலாம்.

படித்த பிள்ளைகளே, பெற்றோரின் வைப்புப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பொய்ப் பிரகடனம் குற்றம்; உரியதைக் கேட்பது குற்றமன்று.