பல் எடுத்த குழியில் எலும்புத் தூள் எதற்கு?

'பல்லை எடுத்த கையோடு இம்ப்ளான்ட் வெச்சிடலாம். கூடவே கொஞ்சம் எலும்புத் தூளும் போடணும்' என்று பல் டாக்டர் சொன்னால், 'பில்லை ஏத்தப் பார்க்கிறாரோ?' என்று பலருக்குச் சந்தேகம் வரும்.

இம்ப்ளான்ட் என்பது உருளை வடிவ டைட்டானியம் திருகு. பல் வேர் இருந்த குழியோ கோணல்மாணலானது. திருகைச் சுற்றி இடைவெளி விழத்தான் செய்யும். அதிலும் முன்பற்களின் உதட்டுப் பக்க எலும்புச் சுவர், பெரும்பாலானவர்களுக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பல் போனதும் அது கரைய ஆரம்பிக்கும். திருகு வைத்துவிட்டதால் மட்டும் அது நின்றுவிடாது. நாளடைவில் ஈறு உள்வாங்கி, உலோகம் சாம்பலாய் நிழலாடலாம். சிரித்தால் தெரியுமே! இடைவெளியை நிரப்பும் தூள், புது எலும்பு வளரச் சாரம் கட்டித் தருகிறது. கரைவதைக் குறைக்கும், அடியோடு தடுக்காது.

தூள் உங்கள் தாடை எலும்பாகவே இருக்கலாம். பதப்படுத்திய மாட்டு எலும்பாக இருக்கலாம். செயற்கை கால்சியம் பாஸ்பேட்டாகவும் இருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சொல்லாமல் வைப்பது முறையும் அல்ல.

சீழ் பிடித்த பல், வெளிச்சுவர் உடைந்த குழி, கட்டுக்கடங்காத சர்க்கரை... இங்கெல்லாம் அவசரம் வேண்டாம். முதலில் அதைச் சரிசெய்து, குழி ஆறிய பிறகு திருகு வைப்பதே பெரும்பாலும் நல்லது. எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை கடிக்கக் கூடாது, சிகரெட்டும் ஆகாது.