பலூன் பூச்செடி

சென்ற ஆடி மாதம் நம் விடுதி முற்றத்தில் நீல நிறமாகப் பூத்திருந்த மூன்று செடிகளைக் கண்டு நண்பர் பலர் பெயர் கேட்டனர். வளர்க்கும் முறையை எழுதித் தருமாறு இதழாசிரியரும் பணித்தார். அறிந்ததைச் சொல்கிறேன், தவறிச் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்குப் பலூன் பூ என்று பெயர். மொட்டு முதிரும்போது ஐந்து இதழ்களும் விளிம்பில் ஒட்டியபடியே காற்றடைத்த பலூனைப்போல் உப்பி நிற்கும். பிறகு பிரிந்து விண்மீன் வடிவில் விரியும். மொட்டை விரலால் அழுத்தி வெடிக்கச் செய்து மகிழும் நண்பர்களும் இவ்விடுதியில் உண்டு, பெயர் சொல்லேன். தாவர நூலார் இதனைப் பிளாட்டிகோடன் கிராண்டிஃபுளோரஸ் என்பர். சீனம், கொரியா, ஜப்பான், ருஷ்யாவின் கிழக்குக் கோடி ஆகியவை இதன் தாயகம். கொரியர் இதைத் தொராஜி என்றழைத்து, வேரைத் தோலுரித்து, உப்பிட்டுப் பிசைந்து, கசப்பு நீக்கிச் சமைக்கின்றனர். ஜப்பானியர் இலையுதிர்காலத்துக்குரிய ஏழு செடிகளுள் ஒன்றாக இதைப் போற்றுகின்றனர்.

விதை எள்ளினும் சிறியது. முளைக்க வெளிச்சம் வேண்டுமாதலால் மண்ணால் மூடலாகாது. ஈரமண்ணின்மேல் தூவி மெல்ல அழுத்தினால் போதும். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். வேர் முள்ளங்கியைப்போல் தடித்து ஆழமாக இறங்குவதால், இளங்கன்றாக இருக்கும்போதே ஓரடி இடைவெளி விட்டு நிலையான இடத்தில் நட்டுவிட வேண்டும். பின்னர் இடம் மாற்றினால் நலிந்துபோகும். நல்ல வெயில் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். வாடிய பூக்களைக் கிள்ளிவந்தால் மேலும் பூக்கும். நம் ஊர்ச் சமவெளிக்கு ஏற்ற செடியன்று. உதகை, கொடைக்கானல் நண்பர்கள் முயன்று பார்க்கலாம்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன். இம்மலையில் பனி தொடங்கியதும் தண்டு முழுவதும் காய்ந்து மறைந்துவிட்டது. பங்குனியில் மற்றச் செடிகளெல்லாம் துளிர்த்தன. இந்தப் பாத்தி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சித்திரை பிறந்தும் ஒன்றும் காணோம். பொறுத்திருக்கும்படி மாலி தம் மொழியில் சொன்னார். நான்தான் இரண்டு புத்தகம் படித்தவனாயிற்றே! செடிகள் செத்தன என்று முடிவுகட்டி, வேறு விதை போடுவதற்காக மண்வெட்டியை எடுத்துக் கொத்தினேன். வெட்டுண்ட வேரிலிருந்து வெண்பால் கசிந்தது. வேரின் தலையில் அரிசியளவு வெண்முளைகள் இருந்தன. ஏழு செடிகளில் நான்கு அன்றே போயின.

காந்தளைப் பார்த்து வளர்ந்தவன் நான். பூத்து முடிந்ததும் கொடி மடிந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, மழைக்குத்தான் எழும் என்பது எங்கள் வேலியோரத்தில் கண்ட பாடம். மழைக்குக் காந்தள் காத்திருப்பதுபோல, மண் நன்கு சூடேறும்வரை இச்செடி காத்திருக்கிறது. கொத்தாமல் விட்ட மூன்றும் வைகாசியில் எழுந்தன. நீங்கள் கண்டவை அவையே.

இவ்வாண்டு தண்டு காயுமுன்பே ஒவ்வொரு செடியின் அருகிலும் ஒரு மூங்கில் குச்சி நட்டிருக்கிறேன். துணி உலர்த்தக் கயிறு கட்டுவோர் அவற்றைப் பிடுங்காதிருக்க வேண்டுகிறேன்.