கடல் கடந்து வந்த திருநாள்: மிஷனெரிக் குடும்பங்களின் விழாக்காலம்

முன்னுரை

மக்களின் வாழ்வை அறிய அவர்தம் நூல்களைப் படிப்பது ஒரு வழி. அவர்தம் திருநாட்களை ஆராய்வது மற்றொரு வழி. தமிழகத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் வந்த ஐரோப்பிய, அமெரிக்க மிஷனெரிமார் அச்சுக்கூடம் நிறுவியதையும், அகராதி தொகுத்ததையும், பள்ளிகள் கண்டதையும் நாம் பாடமாகப் படித்திருக்கின்றோம். ஆனால் அவர்கள் வெறும் அகராதி ஆசிரியர்கள் அல்லர். மனைவி மக்களோடு ஒரு வீட்டில் வாழ்ந்தவர்கள். சொந்த ஊரில் பனி பெய்யும் காலத்தில் கொண்டாடிய திருநாளை, வாழைத் தோப்புக்கும் பனங்காட்டுக்கும் நடுவே அவர்கள் எங்ஙனம் கொண்டாடினர்? யாரோடு கொண்டாடினர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சமயக் கொள்கைகளை ஆராய்வது என் கருத்தன்று. வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒரு வீட்டின் விழாவையும் அதன் அண்டை அயலாரையும் மட்டுமே ஈண்டு நோக்குகின்றேன்.

1. இரண்டு நாட்காட்டிகள்

பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1705ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறி, 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். எனவே அவர்களுடைய பயணத்தின் முதல் கிறிஸ்து பிறப்புத் திருநாள் நடுக்கடலில் கழிந்தது. 1706, 1707 ஆகிய ஆண்டுகளின் திருநாட்கள் தரங்கம்பாடியில் நிகழ்ந்தன. 1708ஆம் ஆண்டுத் திருநாளோ சீகன்பால்குக்குச் சிறையில் வாய்த்தது. கோட்டை ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கால் அவ்வாண்டு நவம்பரில் டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்ட அவர், ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கிருந்தார். பின்னர் 1715இல் ஐரோப்பா சென்று மரியா டோரத்தியா என்னும் அம்மையாரை மணந்து, 1716இல் மனைவியோடு திரும்பினார். 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் 36ஆம் வயதில் மறைந்தார். ஆகவே இந்நாட்டில் அவர் மனைவியோடு கண்ட கிறிஸ்து பிறப்புத் திருநாட்கள் 1716, 1717, 1718 ஆகிய மூன்றே.

இக்காலத்துச் செய்தி ஒன்று மாணவர்க்கு வியப்பளிக்கும். டென்மார்க் நாடு 1700ஆம் ஆண்டிலேயே திருத்திய நாட்காட்டியை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியது. இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு. தேனியர் ஊராகிய தரங்கம்பாடியில் டிசம்பர் 25 என்று மணி ஒலித்த அன்று, ஆங்கிலேயர் ஊராகிய சென்னையில் டிசம்பர் 14 என்றே எழுதினர். சென்னையில் திருநாள் வந்தபோது தரங்கம்பாடியில் சனவரி 5 ஆகிவிட்டது! ஒரே கடற்கரையில், ஒரே திருநாள் இரண்டு முறை வந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் பணியாற்றச் சென்ற சூல்ச்சு, பப்ரிசியுசு போன்ற செருமானியர்கள் இவ்வேறுபாட்டுக்கிடையே வாழ்ந்தவர்கள். தமிழ் மக்களுக்கு மட்டும் குழப்பமில்லை. இரு நாட்களும் மார்கழித் திங்களுக்குள்ளேயே அடங்கின.

2. மழைக்காலத் திருநாள்

டிசம்பரில் ஒருமுறை மாணவர்களுடன் தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தேன். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, கரையில் நிற்கவும் இயலவில்லை. அப்போதுதான், நூல்களில் படித்த ஒரு செய்தியின் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று. சோழமண்டலக் கரையில் அக்காலத்தில் கப்பல்களுக்குக் காப்பான துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கப்பல்கள் இக்கரையில் நங்கூரமிட அஞ்சி விலகிச் சென்றன. ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர ஏழெட்டு மாதங்கள் ஆகும். ஆகவே குடும்பத்தார் ஒருவரையொருவர் மிகவும் நினைக்கும் திருநாட்காலத்தில்தான் கடிதம் வரும் வழி முற்றிலும் அடைபட்டுக் கிடந்தது. தாய் எழுதிய திருநாள் வாழ்த்து ஆடி மாதத்தில் கைக்கு வரும். அதற்குள் அத்தாய் உயிரோடிருக்கின்றாளோ என்பதையும் அறிய வழியில்லை.

இந்நிலையில் அக்குடும்பங்களுக்கு அண்டை அயலாரே உற்றாராயினர். 1707 மே மாதத்தில் ஐவர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் எருசலேம் என்னும் சிறு கோவில் எழுந்தது. அவ்வாண்டிலேயே தமிழர் சிலரும் செருமானியர் இருவரும் ஒரே கூரையின்கீழ் திருநாள் கண்டனர். செருமானிய நாட்டு இராகங்களுக்கேற்பத் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடும் ஞானப்பாட்டு முறை இவ்வாறே பிறந்து வளர்ந்தது. கடிதம் வராத கரையில் பாட்டு மட்டும் வந்து சேர்ந்தது எனலாம்.

3. கொண்டாடாத குடும்பங்கள்

வெள்ளையர் அனைவரும் கிறிஸ்து பிறப்புத் திருநாளைக் கொண்டாடினர் என நாம் எண்ணுவது இயல்பே. ஆனால் உண்மை வேறு. 1816இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிஷனெரிகள் நியூ இங்கிலாந்துப் பகுதியின் பியூரிட்டன் மரபில் வளர்ந்தவர்கள். திருமறையில் கட்டளையிடப்படாத திருநாள் வேண்டுவதில்லை என்பது அம்மரபின் கொள்கை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு 5 சில்லிங் தண்டம் விதித்தது. 1681இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னரும் பழைய மனப்பான்மை நீங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கே டிசம்பர் 25 அன்று கடைகளும் பள்ளிகளும் திறந்திருந்தன.

இத்தகையோரே தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் ஆகிய ஊர்களில் குடியமர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பள்ளியும் கண்டவர்கள் இவர்களே. இவர்தம் ஆண்டில் சிறப்பு வாய்ந்த நாட்கள் வேறு: வாரந்தோறும் ஓய்வுநாள், திங்கள்தோறும் முதல் திங்கட்கிழமை நிகழும் பொது வேண்டுதல், சொந்த நாட்டு வழக்கப்படி நன்றியறிதல் நாள், புத்தாண்டு. மற்றொருபுறம், 1814இலேயே இலங்கைக்கு வந்த வெஸ்லியன் தொண்டர்களும் ஆங்கிலேய அலுவலர்களும் கிறிஸ்துமஸ் கொண்டாடும் மரபினர். ஒரே நிறத்தார், ஒரே சமயத்தார், ஒரே குடாநாட்டில் வெவ்வேறு நாட்காட்டியோடு வாழ்ந்தனர்.

மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் 1856இல்தான் சட்டப்படி விடுமுறையாயிற்று. அமெரிக்கக் கூட்டரசு அதனை 1870இல் ஏற்றது. இதனை எண்ணிப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகும். தரங்கம்பாடித் தமிழ்க் குடும்பங்கள் 1707 முதலும், முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பதினாறாம் நூற்றாண்டு முதலும் கண்டுவந்த திருநாளை, நியூ இங்கிலாந்துக் குடும்பங்கள் மிகப் பிற்காலத்தில்தான் தமதாக்கிக் கொண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரைச் சீமையில் அமெரிக்கப் பாதிரியார் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் நின்றபோது, அது அவருடைய பாட்டனார் அறியாத புதுமை. எதிரே நின்ற தஞ்சைத் தமிழ்க் கிறித்தவருக்கோ அத்திருநாள் பல தலைமுறைச் சொத்து. ‘மேனாட்டுத் திருநாள்’ என்று நாம் எளிதாகக் கூறிவிடுகின்றோமே, அச்சொல் எவ்வளவு பொருந்தும் என்பதை மாணவர்கள் சிந்திக்க வேண்டும்.

4. பங்களாவும் சமையற்கட்டும்

பிற்காலத்து மிஷன் பங்களாக்களில் கிறிஸ்துமஸ் எவ்வாறு நிகழ்ந்தது? பனிநாட்டு ஊசியிலை மரத்திற்குச் சவுக்குக் கிளை ஈடாயிற்று. மண்ணெண்ணெய்த் தகரம் ரொட்டி சுடும் அடுப்பாயிற்று. விடியற்காலை ஆராதனை முடிந்ததும் ஊரார் மாலையும் எலுமிச்சம்பழமும் வாழைத்தாரும் கொண்டு துரையையும் துரைசானியையும் காண வருவர். விடுதிப் பிள்ளைகளுக்குக் கடல் கடந்து வந்த பெட்டிகளிலிருந்து பொம்மையோ சட்டையோ கிடைக்கும். ஊரார் அனைவரையும் வரவேற்று அனுப்பிய பின்னரே வீட்டாருக்கென ஒரு மாலை வேளை மிஞ்சும்.

ஆனால் அவ்வீட்டின் விருந்தைச் சமைத்தவர் யார்? என் தந்தையைப் பெற்ற பாட்டி திருநெல்வேலிச் சீமையில் ஒரு மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். அவரும் கிறித்தவரே. அவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்: “தொரசானி வீட்டு விருந்து முடிஞ்ச பொறவுதான் நம்ம வீட்டுல அடுப்பு பத்தும். பிள்ளைய தூங்கிப் போயிரும். எழுப்பி எழுப்பிச் சோறு ஊட்டுவேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பு இல்லை. துரைசானி அம்மாள் தம் கையால் கொடுத்த சேலையையும், காய்ச்சல் கண்டபோது இரவெல்லாம் அருகிருந்து மருந்து தந்ததையும் அதே மூச்சில் சொல்வார். அன்பும் இருந்தது; ஏற்றத்தாழ்வும் இருந்தது. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

திருநாளின் முறை பற்றியும் பூசல்கள் எழுந்தன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பட்டவர். சரபோசி மன்னரின் நட்பைப் பெற்ற கவிஞர். அவர் காலத்தில் புதிதாக வந்த மிஷனெரிகள் திருநாட்களில் மலர் அலங்காரம் செய்வதையும் தமிழிசை முறைகளையும் குறைக்க முற்பட்டனர். சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அவரும் அவரைச் சார்ந்தோரும் கோவிலுக்குள் சாதி வேறுபாட்டையும் உடன் காக்க முயன்றனர் என்பதை மறத்தல் கூடாது. எனினும், மலரும் இசையும் பற்றிய வழக்கில் காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்க் கோவில்களில் ஒலிக்கின்றன.

5. பிள்ளைகளின் விடுமுறை

மிஷனெரிக் குடும்பங்களின் பெருந்துன்பம் பிள்ளைகளைப் பிரிவது. தொடக்கக் காலத்தில் எட்டு, பத்து வயது ஆனதும் பிள்ளைகளைக் கல்விக்காகத் தாய்நாட்டிற்குக் கப்பலேற்றி அனுப்பினர். அங்ஙனம் பிரிந்த சில பெற்றோர் மீண்டும் அப்பிள்ளைகளைக் காணவே இல்லை. பிறர் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திய தாய், திருநாளன்று தன் பிள்ளைக்குக் கடிதம் மட்டுமே எழுத முடிந்தது.

மலைவாழிடங்கள் இந்நிலையை ஓரளவு மாற்றின. வெப்பத்தாலும் நோயாலும் பலரை இழந்த அமெரிக்க மதுரை மிஷன், 1845இல் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டியது. மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும் டோலியிலும் மலையேறினர். டோலியில் அமர்ந்தவரைப் பற்றி நூல்கள் உள. தோள் கொடுத்துச் சுமந்தவரைப் பற்றி மிகச் சிலவே. 1901இல் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென அங்கே பள்ளி தோன்றியது. அதன் பின்னர் ஆண்டு ஒரு புதிய ஒழுங்கைப் பெற்றது: கோடையில் பெற்றோர் மலையேறிப் பிள்ளைகளைக் கண்டனர், மழையும் பனியும் சேர்ந்த ஆண்டிறுதியில் பிள்ளைகள் நீண்ட விடுமுறையில் சமவெளிக்கு இறங்கினர். கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்பது இதனால் இயல்வதாயிற்று. பள்ளி விடுமுறையின் காலத்தை மாற்றி அமைத்த ஒரு சிறு செயல், பல தாய்மாரின் கண்ணீரைக் குறைத்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, திருநாள் என்பது பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பொருள் அன்று. காற்றும் மழையும் கப்பலும் நாட்காட்டியும் அதனை மாற்றுகின்றன. இரண்டாவது, வெளிநாட்டில் வாழும் குடும்பத்தின் விழா, அண்டை வீட்டாரின் உழைப்பாலும் பரிவாலும் நிற்கிறது. மூன்றாவது, ஏற்றுக்கொண்டவர்கள் வெறுமனே பெற்றவர்கள் அல்லர். மலரும் கீர்த்தனையும் ஊர் கூடி உண்ணும் அசனமும் சேர்த்து அதனைத் தமதாக்கிக் கொண்டவர்கள்.

இன்று நம் தமிழ்க் குடும்பங்களும் கடல் கடந்து வாழ்கின்றன. கனடாவில் பனி மூடிய சனவரியில் அடுக்குமாடி வீட்டின் அடுப்பில் பொங்கல் பொங்குகிறது. 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கத் தீர்மானித்தது. மிஷனெரித் தாய் சவுக்குக் கிளையைத் தேடியது போலவே நம் தாய்மார் அங்கே கரும்பையும் மஞ்சள் குலையையும் தேடுகின்றனர்.

மிஷனெரிமாரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் செருமனியில் ஹாலே நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகின்றன. பங்களாச் சமையற்காரரும் ஆயாவும் டோலி சுமந்தவரும் நாட்குறிப்பு எழுதவில்லை. அவர்கள் கதை நம் வீட்டு முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. இவ்விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் அமர்ந்து, பழைய திருநாட்களைப் பற்றிக் கேட்டு எழுதி வருவாராயின், நம் துறைக்கு அது பெருஞ்செல்வமாகும்.