உச்சியில் தீர்ந்துபோவது நிலைமம் அல்ல

நியூ ஜெர்சியின் ஜாக்சனில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் 2005 முதல் 2024 வரை ‘கிங்டா கா’ என்ற ரோலர் கோஸ்டர் ஓடியது. அதே மாநிலத்தில் எடிசன், பிஸ்காடவே ஊர்கள் பக்கம் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர். உயரம் 456 அடி. வண்டி மூன்றரை நொடியில் மணிக்கு 128 மைல் வேகம் பிடித்து, செங்குத்தாக ஏறி, உச்சியைத் தாண்டி மறுபக்கம் பாயும். சில வேளை தாண்டாமல் வந்த வழியே பின்னோக்கி இறங்கிவிடும். அதை ரோல்பேக் என்பார்கள். அது ஏன் நடக்கிறது என்று கேட்டால் வரும் பதிலில்தான் குழப்பம் தொடங்குகிறது.

நம்பிக்கை: நிலைமம் தீர்ந்துவிட்டதால் வண்டியால் ஏற முடியவில்லை.

உண்மை: நிலைமம் செலவாகும் சரக்கே அல்ல. தன் வேகத்தையோ திசையையோ மாற்ற வரும் விசைக்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்புத் தன்மை அது. அதன் அளவுதான் நிறை. தரையில் நின்றபோது வண்டிக்கு எவ்வளவு நிலைமமோ, 128 மைல் வேகத்திலும் அவ்வளவே. உச்சிக்குக் கீழே ஒரு கணம் தயங்கி நின்றபோதும் அவ்வளவே.

கைமாறியது ஆற்றல். வண்டி புறப்படும் முன்பே பம்புகள் எண்ணெயைத் தள்ளி, உருளைகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி வைத்திருக்கும். அந்த அழுத்தத்தைத் திறந்துவிட்டதும் மோட்டார்கள் சுழன்று, கம்பிவடம் வண்டியை இழுக்கும். வாயுவில் சேர்த்தது இயக்க ஆற்றலாகிறது. ஏற ஏற அதுவே நிலை ஆற்றலாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உராய்வும் காற்றும் இல்லையென்றால் 456 அடி ஏற மணிக்கு ஏறத்தாழ 117 மைல் வேகமே போதும். ஆக, 128 மைலில் இருந்த உபரி, ஆற்றல் கணக்கில் சுமார் 16 விழுக்காடு. உராய்வுக்கும் காற்றுக்கும் கொடுத்தது போக, உச்சியைக் கடக்கவும் அதிலிருந்துதான் மிஞ்ச வேண்டும். எதிர்க்காற்று கொஞ்சம் கூடினாலோ, இழுவை கொஞ்சம் குறைந்தாலோ வண்டி நின்றுவிடும். அந்தக் கணத்தில் இயக்க ஆற்றல் சுழி, நிலை ஆற்றல் ஏறக்குறைய முழுமை. அதனால்தான் கீழே திரும்பும்போது பெரும் வேகத்தோடு வருகிறது. அதைப் பிடித்து நிறுத்தவென்றே புறப்பாட்டுத் தடத்தில் பிரேக்குகள் வைத்திருந்தார்கள்.

நம்பிக்கை: நிலைமம், நிலை ஆற்றல் இரண்டுமே பொருளுக்குள் ஒளிந்திருப்பவை.

உண்மை: நிலைமம் வண்டிக்குச் சொந்தம். நிலை ஆற்றல் வண்டியும் பூமியும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தம். அதே வண்டியை நிலாவில் அதே உயரத்தில் வைத்தால் நிலை ஆற்றல் ஆறில் ஒரு பங்காகிவிடும். சமதளத்தில் அதைத் தள்ளி வேகப்படுத்தத் தேவையான விசையோ, உராய்வை ஒதுக்கிவிட்டால், இங்கே எவ்வளவோ அங்கேயும் அவ்வளவு.

நிலைமம் ஆற்றல் அல்ல என்றால், டெக்சஸில் மின்துறையில் வேலை பார்ப்பவர்கள் மறுப்பார்கள். மாநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட் ‘இனர்ஷியா’வை, அதாவது நிலைமத்தை, கிகாவாட்-நொடியில் கணக்கிடுகிறது, அது ஆற்றலின் அலகு. சரிதான். ஆனால் அந்தத் துறையில் அச்சொல் குறிப்பது, சுழன்றுகொண்டிருக்கும் ஜெனரேட்டர்களின் இயக்க ஆற்றலை. ஒரு பெரிய நிலையம் திடீரென நின்றுபோனால், 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று சரியாமல் தொடக்க நொடிகளில் தாங்குவது அதுதான். தேர்வுத்தாளில் அந்த வழக்கைக் கொண்டுவந்தால் மதிப்பெண் போய்விடும்.

நம்பிக்கை: கனமான வண்டிக்கு நிலைமம் அதிகம், ஆகவே சரிவில் மெதுவாகத்தான் உருளும்.

உண்மை: முதல் பாதி சரி, முடிவு தவறு. நிறை இரட்டித்தால் எதிர்ப்பு இரட்டிக்கிறது. புவியீர்ப்பின் இழுப்பும் அதே அளவு இரட்டிக்கிறது. ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் முடுக்கம் மாறுவதில்லை. இந்தச் சமன் எவ்வளவு துல்லியமானது என்பதை ஜாக்சனுக்கு அருகிலேயே உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியும் அவருடைய சகாக்கள் ரோல், குரோட்கோவ் இருவரும் சோதித்தார்கள். தங்கமும் அலுமினியமும் சூரியனை நோக்கி ஒரே முடுக்கத்தில்தான் இழுக்கப்படுகின்றனவா என்று முறுக்குத் தராசில் பார்த்து, பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு வரை வேறுபாடு இல்லை என்று 1964-இல் வெளியிட்டார்கள். அதற்கு வெகு முன்பே, இந்தச் சமன் தற்செயலாக இருக்க முடியாது என்ற எண்ணத்திலிருந்துதான் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலை எழுப்பினார். என் கணிப்பில், பள்ளி இயற்பியலில் இதைவிட ஆழமான இடம் இல்லை. பாடத்தில் அது ஒரு வரியில் கடந்துபோவது பெரிய குறை.

சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்களில் நிலைமத்துக்கும் நிலை ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடு சட்டமாகவே இருக்கிறது. சரிவு 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் சக்கரங்களைத் திருப்பி நிறுத்த வேண்டும். நின்ற காருக்கு வேகமில்லை. ஆனால் அடிவாரத்தைவிட 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் 1,500 கிலோ காரும் பூமியும் சேர்ந்த அமைப்புக்குச் சுமார் 2.9 லட்சம் ஜூல் நிலை ஆற்றல் உண்டு. தடையின்றி உருண்டால் அடிவாரத்தில் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகம். ‘எஸ்யுவி கனமானது, அசையாது’ என்று நம்பி இறங்கிப் போய்விடாதீர்கள். கீழ்நோக்கி நிறுத்தினால் முன்சக்கரங்களை நடைபாதை ஓரக்கல் பக்கமாகவும், மேல்நோக்கி நிறுத்தினால் சாலைப் பக்கமாகவும் திருப்பிவைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுப் போங்கள்.