மழை பெய்தும் ஊறாத மண்

அரிசோனா பல்கலைக்கழகம் இருக்கும் டூசான் நகரம் சொனோரன் பாலைவனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. நீரியலுக்கு 1960களிலேயே தனித் துறை தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கும் அக்கம்பக்கத்து ஆய்வு நிலையங்களிலும் அளந்து கண்டவை பலவும் ஊரார் நம்பியதற்கு நேர் எதிராக இருந்தன.

நம்பிக்கை: பாலைவனத்தில் மழையே பெய்யாது, பெய்தால் அத்தனையும் நிலத்தடிக்குப் போய்விடும்.

இரண்டுமே தவறு. டூசானில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மழை உண்டு. ஏறத்தாழப் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கிறது. அதைப் பார்த்தால் கிணறு நிரம்பிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சமவெளியில் விழுந்த மழை மேல்மண்ணைத் தாண்டி வெகு ஆழம் போவதில்லை. கொஞ்சத்தை வெயில் வாங்கிக்கொள்கிறது, மீதியைச் செடிகள் உறிஞ்சிவிடுகின்றன.

இதற்குச் சாட்சி உப்பு. மழைநீரில் மிக மிகக் கொஞ்சம் குளோரைடு இருக்கும். செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். தண்ணீர் ஆழத்துக்கு இறங்கியிருந்தால் அந்த உப்பையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். தென்மேற்கு அமெரிக்கப் பாலைவனங்களில் துளையிட்டு மண்ணெடுத்துப் பார்த்தபோது, வேர்களுக்குக் கீழே சில மீட்டர் ஆழத்தில் உப்பு அப்படியே சேர்ந்து கிடந்தது. ஆண்டுக்கு எவ்வளவு உப்பு வந்து விழும் என்ற கணக்கால் அதை வகுத்தால், பல இடங்களில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. கடைசிப் பனியுகம் முடிந்த பிறகு அங்கே மழைநீர் நிலத்தடியை எட்டவே இல்லை.

அப்படியானால் கிணற்றில் தண்ணீர் எப்படி வந்தது? மலையடிவாரம் வழியாகவும், ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகைகள் வழியாகவும் வந்தது. டூம்ஸ்டோன் ஊருக்குப் பக்கத்தில் வால்நட் கல்ச் என்று சுமார் 150 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றை அமெரிக்க வேளாண் துறை 1953 முதல் அளந்து வருகிறது. மேலே பாய்ந்து வரும் காட்டாற்று வெள்ளம் கீழே போகப் போக மெலிகிறது. கடைசி அளவுமானிக்கு வந்து சேராமலே போகிற வெள்ளமும் உண்டு. வழியிலேயே மணல் குடித்துவிடுகிறது. டூசான் கிணற்று நீரின் ஐசோடோப்புகளைச் சோதித்தவர்கள் இன்னொரு சங்கதியும் சொன்னார்கள். மலையிலிருந்து இறங்கி ஊறியதில் பெரும்பங்கு குளிர்காலத்து மழையும் பனியும்தானாம். அத்தனை ஆர்ப்பாட்டம் செய்கிற கோடை மழைக்கு அதில் சிறிய பங்குதான்.

நம்பிக்கை: இறைத்ததெல்லாம் மறுபடி ஊறிவிடும்.

அங்குள்ள ஆழ்கிணறுகள் சிலவற்றின் நீருக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். டூசானுக்கும் ஃபீனிக்ஸுக்கும் இடையே, இலாய் பக்கம், வயலுக்கு இறைத்து இறைத்துத் தரையே 3 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. நிலத்தில் நீளநீளமாக வெடிப்புகள் விட்டன. நீர் வடிந்து ஒருமுறை அழுந்திப்போன களிமண் அடுக்கு, பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பழைய இடத்துக்கு எழும்பாது. 1980இல்தான் அரிசோனா நிலத்தடி நீர் இறைப்பைக் கட்டுப்படுத்த விரிவான சட்டம் போட்டது.

நம்பிக்கை: புல்தரையும் கோல்ஃப் மைதானமும்தான் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கின்றன.

கண்ணை உறுத்துவது அவைதான், மறுக்கவில்லை. ஆனால் மாநிலத்தில் செலவாகும் நீரில் சுமார் 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது.

நம்பிக்கை: ஆற்றை அளந்து பங்கு போட்டால் பிசகாது.

கொலராடோ ஆற்றை 1922இல் அப்படித்தான் பங்கு போட்டார்கள். மேல் மாநிலங்களுக்குப் பாதி, கீழ் மாநிலங்களுக்குப் பாதியாக ஆண்டுக்குச் சுமார் 650 டி.எம்.சி. 1944இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 65 டி.எம்.சி. ஒப்புக்கொண்டார்கள். அளவெடுத்தது பொய்யில்லை, அளந்த காலம்தான் அபூர்வமானது. இதைக் காட்டியவை மரங்கள். ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர் 1937இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வகத்தைத் தொடங்கினார். பல பத்தாண்டுகள் அது கால்பந்து அரங்கின் படிக்கட்டு இருக்கைகளுக்கு அடியில்தான் நடந்தது! மழை குறைந்த ஆண்டில் மரத்தின் வளையம் ஒடுங்கும். அதை வைத்து அந்த ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்டாக்டன், கார்டன் ஜேக்கபியுடன் சேர்ந்து 1976இல் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நீர்வரத்தைக் கணக்கிட்டார். சராசரி 590 டி.எம்.சி.யை ஒட்டியே நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் அந்த நெடுங்காலத்திலேயே மிகச் செழிப்பான காலங்களில் ஒன்று. ஆக, இல்லாத தண்ணீருக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இதே ஆய்வகத்திலிருந்து 2007இல் வந்த ஆய்வு எட்டாம் நூற்றாண்டு வரை பின்னே போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு கட்டத்தில் 25 ஆண்டுச் சராசரியே வழக்கமான வரத்தில் 84 விழுக்காட்டுக்குக் கீழே இருந்திருக்கிறது.

நம்பிக்கை: தண்ணீர் எதுவானாலும் தண்ணீர்தானே.

540 கிலோமீட்டர் கால்வாயில், 800 மீட்டருக்கு மேல் ஏற்றி, கொலராடோ நீரை டூசானுக்குக் கொண்டுவந்தார்கள். 1992 நவம்பரில் வீடுகளுக்குத் திறந்துவிட்டதும் குழாய்களில் பழுப்பு நீர் கொட்டியது. அதுவரை நிலத்தடி நீர் மட்டுமே ஓடிய பழைய இரும்புக் குழாய்களின் துருவை, வேறு வேதித்தன்மை கொண்ட புதிய நீர் பெயர்த்துவிட்டது. 1994இல் விநியோகத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது அதே ஆற்று நீரை அவ்ரா பள்ளத்தாக்கில் குளம் வெட்டித் தேக்கி, மண்ணுக்குள் இறங்கவிட்டு, அங்குள்ள நிலத்தடி நீரோடு கலந்தபின் இறைக்கிறார்கள். 2001 முதல் வீடுகளுக்கு வருவது அந்தக் கலவை. நகர நடுவே உள்ள கிணறுகளில் இறைப்பைக் குறைத்துக்கொள்ள முடிந்ததால் அங்கே நீர்மட்டம் ஏறத் தொடங்கியிருக்கிறது.