முதுமையா, முடங்கியதன் விளைவா?



2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு அமலானது. அந்த ஆண்டு ரமளானில் தராவீஹ் தொழுகையைக்கூட நாம் வீட்டிலேயே தொழுதோம். கொரோனா முதியோரையே அதிகம் தாக்கியதால் அவர்களை வெளியே விடாமல் காத்தோம். அது அவசியமாக இருந்தது.

ஆனால் தொற்றே வராத பெரியவர்கள் பலரிடமும் மாற்றங்கள் தெரிந்தன. நடை தளர்ந்தது, பசி குறைந்தது, தூக்கம் கெட்டது, பேச்சும் குறைந்தது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீடுகளில் பேசிக்கொண்டார்கள். வயது மட்டுமே காரணமல்ல.

ஒரு கணக்குப் பாருங்கள். பள்ளிவாசல் 300 மீட்டர் தூரத்தில் இருந்தால், ஐவேளையும் போய் வருபவர் நாளொன்றுக்கு 3 கிலோமீட்டர் நடக்கிறார். வழியில் நாலு பேருக்கு ஸலாம் சொல்கிறார், வெயில் உடலில் படுகிறது. வீட்டுப் பெரியம்மாக்களுக்கு உறவினர் வீடும் கல்யாண வீடும் கடைவீதியும் இதே பலனைத் தந்தன. இவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோயின. பயன்படுத்தாத தசை முதுமையில் வேகமாகக் கரையும். ஆரோக்கியமான முதியோரைப் 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்திருந்தது. கால் வலுவிழந்தால் தடுக்கி விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் எழுந்து நடப்பது பலருக்குக் கடினம்.

ஊரடங்கு முடிந்துவிட்டது. ஆனால் காய்ச்சல், அறுவை சிகிச்சை, தொடர்மழை என்று பெரியவர்கள் வீட்டில் முடங்கும் நாட்கள் இன்றும் வருகின்றன. அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?
2. சட்டை, ஜாக்கெட் தளர்ந்துபோய் எடை குறைந்திருக்கிறதா?
3. மாத்திரையை மறக்கிறார்களா, இரண்டு முறை போடுகிறார்களா?
4. விரும்பிப் பேசுபவர் மௌனமாகிவிட்டாரா?

திடீரென ஆளையோ இடத்தையோ அடையாளம் தெரியாமல் குழம்பினால் அதை மறதி என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் உள்ளே நோய்த்தொற்று இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசரத்துக்கு 108.

இழந்த வலுவைப் பெருமளவு மீட்கலாம். 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது நடப்பது போன்ற உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முடியாதவர்கள் வாசல் வரை தொடங்கி, மருத்துவரிடம் கேட்டுச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். தினமும் முட்டை, பருப்பு, பால் போன்ற புரத உணவு கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இம்மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

நம் மஹல்லாவில் வழக்கமாக வரும் பெரியவர் இரண்டு ஜும்ஆவுக்கு வரவில்லையென்றால் அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்போம். இயன்றால் கைபிடித்து நாமே அழைத்து வருவோம், இன்ஷா அல்லாஹ்.