புகையற்ற புகையிலையும் வாய்ப் புற்றுநோய்த் தடுப்பும்

புகையிலையின் தீமை என்றதும் பீடியும் சிகரெட்டுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், இந்தியாவில் புகைப்பவர்களைவிடப் புகையிலையை மெல்லுபவர்களும் வாயில் அடக்கிக்கொள்பவர்களுமே அதிகம். 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 21.4 பேர் புகையற்ற வகைகளையும், 10.7 பேர் புகைக்கும் வகைகளையும் பயன்படுத்தினர். கைனி, குட்கா, ஜர்தா ஆகியவை முதல் பிரிவைச் சேர்ந்தவை. மகாராஷ்டிரத்தில் பெண்கள் பல் துலக்கும் மிஷ்ரி என்னும் வறுத்த புகையிலைப் பொடியும் அவ்வகையதே.

புகை இல்லாததால் தீங்கும் இல்லை என்று எண்ணுவது தவறு. புகையிலையைப் பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரோசமைன்கள் என்னும் இரசாயனப் பொருள்கள் புற்றுநோயை விளைவிப்பவை. கைனியில் கலக்கும் சுண்ணாம்பு, நிகோடின் இரத்தத்தில் விரைந்து சேரத் துணைபுரிகிறது. பழக்கம் விடாது பற்றிக்கொள்வதற்கு நிகோடினே காரணம்.

வாயினுட்புறம் கண்ணால் பார்த்து அறியக்கூடியது. புற்று முற்றுமுன் பெரும்பாலும் சில அறிகுறிகள் தோன்றும். அவையாவன:

1. துடைத்தாலும் நீங்காத வெண்திட்டு அல்லது செந்திட்டு.
2. இரண்டு வாரங்களில் ஆறாத புண்.
3. வாயை முழுவதும் திறக்க இயலாமை. இது பாக்கு மெல்லுபவர்களிடம் மிகுதி.

இவற்றுள் ஒன்று காணப்படினும் அவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

இத்தகைய பணியால் பயன் உண்டா என்னும் ஐயத்திற்குக் கேரளத்தில் நடந்த இரு ஆய்வுகள் விடை தருகின்றன. எர்ணாகுளம் மாவட்டக் கிராமங்களில் புகையிலைப் பழக்கமுடைய 12,212 பேருக்குப் பத்தாண்டுகள் ஆண்டுதோறும் வாய்ப் பரிசோதனையும் அறிவுரையும் அளிக்கப்பட்டன. பழக்கத்தைக் கைவிட்டோர் பெருகினர். வெண்திட்டு புதிதாகத் தோன்றுவதும் குறைந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்களே மக்களின் வாயைப் பார்வையிட்டனர். பரிசோதனை நடைபெற்ற பகுதிகளில், புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம், அது நடைபெறாத பகுதிகளைவிட நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது என 2005இல் அறிவிக்கப்பட்டது.

கடிந்துரைத்தால் பழக்கமுடையவர் அதனை மறைப்பாரேயன்றி விடமாட்டார். ஆகவே, கள ஊழியர் ஒவ்வொரு சந்திப்பிலும் அன்புடன் வினவி, விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளத் தூண்டுதல் நலம். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் தெரிவிக்கலாம்.

பழக்கம் தொடங்குமுன் தடுப்பது ஆசிரியரின் பணி. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்திற்குள்ளும் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி வாயிலருகே கடைகளில் தொங்கும் பொட்டலங்கள் ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பலாகாது.